அந்த எட்டாயிரத்தை முதலில் கட்டுங்கள்

கேள்வி: ஒரு வாரமாக எனக்கும் என் கணவருக்கும் இதே பேச்சுதான். வீட்டு ஃபிரிட்ஜ் பதினான்கு வருஷம் ஓடி ஓய்ந்துவிட்டது. அடியில் தண்ணீர் கசிகிறது, பழைய துண்டை விரித்து வைத்திருக்கிறோம். இரண்டு மாதத்தில் மகளுக்குக் கல்லூரி திறக்கிறது, லேப்டாப் வாங்க வேண்டும். ஃபிரிட்ஜ் 40,000, லேப்டாப் 60,000. இரண்டையுமே கிரெடிட் கார்டில் 12 மாதத் தவணையில் வாங்கிவிடலாம் என்பது என் யோசனை. லேப்டாப்புக்கு வட்டியே இல்லாத தவணை, பிராசஸிங் கட்டணம் 600 மட்டும். ஃபிரிட்ஜுக்கு அந்தச் சலுகை கிடையாது. ஆனால் கார்டில் வாங்கிவிட்டால் மாதம் ஒரு சதவீத வட்டியில் தவணையாக மாற்றித் தருவதாக வங்கியிலிருந்து போன் செய்து சொன்னார்கள். முழுப் பணமும் உடனே கொடுத்தால் இரண்டு கடையிலும் 5 சதவீதம் தள்ளுபடி உண்டு. கணவர் ரொக்கம்தான் என்று ஒரே பிடியாக நிற்கிறார். சேமிப்பு 1,50,000 இருக்கிறது, அதைத் தொட எனக்கு மனமில்லை. அவர் நிறுவனத்தில் ஆள்குறைப்பு என்று பேச்சு அடிபடுவதும் ஒரு காரணம். மாதச் செலவு 45,000 ஆகும், அதில் 20,000 கார்டில்தான். எல்லாம் போக 9,000 மிஞ்சும். போனுக்கு ஏற்கெனவே மாதம் 2,000 தவணை போகிறது, இன்னும் ஐந்து மாதம் பாக்கி. கார்டில் 8,000 பாக்கியும் இருக்கிறது, ஆனால் அது சின்னத் தொகைதான், கொஞ்ச மாதமாகவே அப்படியே ஓடிக்கொண்டிருக்கிறது. நான் சொல்வது சரியா, அவர் சொல்வது சரியா? இன்னொன்று, பழைய ஃபிரிட்ஜை எக்ஸ்சேஞ்சில் கொடுக்கலாமா?

பதில்: சகோதரி, உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். ஃபிரிட்ஜ், லேப்டாப், தள்ளுபடி, வட்டி எல்லாவற்றையும் விவரமாக எழுதிவிட்டு, கடைசியில் போகிறபோக்கில் ஒரு வரி போட்டிருக்கிறீர்களே, '8,000 பாக்கி, சின்னத் தொகைதான்' என்று, அங்கேதான் என் பேனா நின்றது. நீங்கள் கேட்காத கேள்விக்குப் பதில் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். அதைப் பேசாமல் தவணை நல்லதா கெட்டதா என்று பேசுவதில் அர்த்தமே இல்லை.

எங்கிருந்து எழுதுகிறீர்கள் என்று குறிப்பிடவில்லை, பரவாயில்லை. எந்த நாட்டுப் பணமாக இருந்தாலும் இந்தக் கணக்கு ஒன்றுதான், அதனால் எண்களை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கிரெடிட் கார்டின் அழகே அந்த வட்டியில்லாக் காலம்தான். இன்று வாங்கிய பொருளுக்கு, பில் வந்து கடைசித் தேதிக்குள் முழுத் தொகையையும் கட்டிவிட்டால் ஒரு பைசா வட்டி கிடையாது. 'முழுத் தொகை' என்பதுதான் அதில் நிபந்தனை. ஒரு மாதம் கொஞ்சம் பாக்கி வைத்துவிட்டால், பெரும்பாலான கார்டுகளில் அந்தப் பாக்கிக்கு மட்டும் வட்டி போட்டுவிட்டு நிறுத்துவதில்லை. அடுத்து நீங்கள் வாங்கும் மளிகை, பெட்ரோல், மருந்து எல்லாவற்றுக்குமே வாங்கிய தேதியிலிருந்தே வட்டி ஓட ஆரம்பித்துவிடும். இது நிறையப் பேருக்குத் தெரியாது. எட்டாயிரத்துக்கு வட்டி என்ன பெரிதாக வந்துவிடப் போகிறது என்றுதான் நினைத்துக்கொண்டிருப்பார்கள்.

கணக்குப் போட்டே பார்ப்போம். உங்கள் கார்டு வட்டி மாதம் 3 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள், உங்களுடையதைப் பில்லில் பார்த்து மாற்றிக்கொள்ளலாம். பாக்கி 8,000க்கு மாதம் 240. அதோடு போனால் போகட்டும் என்று விடலாம். ஆனால் மாதம் 20,000க்கு வாங்குகிறீர்களே, அந்த ஒவ்வொரு செலவும் வாங்கிய நாளிலிருந்து கட்டும் நாள்வரை சராசரியாக ஒரு மாதமாவது நிற்கும், அதற்கு இன்னொரு 600. ஆக மாதம் 840. வருஷத்துக்குப் பத்தாயிரத்தைத் தாண்டிவிடும். எட்டாயிரம் பாக்கிக்குப் பத்தாயிரம் வட்டி, வருஷக் கடைசியில் அந்த எட்டாயிரம் அப்படியே இருக்கும்! சேமிப்புக் கணக்கில் 1,50,000 தூங்குகிறது, பக்கத்திலேயே இது நடந்துகொண்டிருக்கிறது.

போன மாத பில்லை எடுத்துப் பாருங்கள். முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் இருக்கும் மொத்தத் தொகையை விட்டுவிட்டு, உள்ளே செலவுகள் வரிசையாக இருக்கும் பக்கத்துக்குப் போங்கள். அதில் கடைப் பெயர் எதுவும் இல்லாமல் 'வட்டி' என்றோ 'நிதிக் கட்டணம்' என்றோ ஒரு வரி இருக்கும். வரிகளுக்கு நடுவில் வரி, கண் தாண்டிப் போய்விடும். அந்த எண்ணின் கீழே பென்சிலால் ஒரு கோடு போட்டு உங்கள் கணவரிடம் காட்டுங்கள். உங்கள் இருவருக்கும் நடக்கும் சண்டையே அதற்குப் பிறகு வேறு மாதிரி ஆகிவிடும்.

எனவே முதல் வேலை, இந்த வாரமே சேமிப்பிலிருந்து 8,000 எடுத்து அடைப்பது. கார்டில் மற்ற பாக்கி இருந்தால் அதையும் சேர்த்து முழுசாக. அடைத்த பிறகும் அடுத்த பில்லில் ஒரு சின்ன வட்டித் தொகை எட்டிப்பார்க்கும். பில் போட்ட நாளுக்கும் நீங்கள் கட்டிய நாளுக்கும் நடுவில் ஓடிய வட்டி அது, பதற வேண்டாம், அதையும் கட்டிவிடுங்கள். அதற்கும் அடுத்த பில்லில் வட்டி என்று ஒரு வரியும் இல்லை என்பதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் கார்டு சுத்தமானது என்று அர்த்தம். அதுவரை அந்தக் கார்டில் எந்தப் பெரிய பொருளும் வேண்டாம்.

சரி, இப்போது ஃபிரிட்ஜ். இதில் யோசிக்க ஒன்றுமே இல்லை, உங்கள் கணவர் சொல்வது சரி. போனில் சொன்ன 'மாதம் ஒரு சதவீதம்' இருக்கிறதே, அதைக் கேட்டால் வருஷத்துக்குப் பன்னிரண்டு, பரவாயில்லையே என்றுதான் யாருக்கும் தோன்றும். அவர்கள் அந்த ஒரு சதவீதத்தை எதன்மேல் போடுகிறார்கள் என்று கேட்டீர்களா? இப்படிப் போனில் சொல்லும் பல இடங்களில் தொடக்கத்தில் வாங்கிய முழு 40,000 மேல்தான், பன்னிரண்டு மாதமும். உங்களுக்கும் அப்படித்தான் என்று வைத்துக்கொள்வோம். நீங்களோ மாதாமாதம் அசலைக் கட்டிக்கொண்டே வருகிறீர்கள். முதல் மாதம் உங்களிடம் இருப்பது அவர்களுடைய 40,000, கடைசி மாதம் வெறும் மூவாயிரத்துச் சொச்சம். சராசரியாகப் பார்த்தால் வருஷம் முழுக்க உங்கள் கையில் இருந்த கடன் பாதிக்குக் கொஞ்சம் மேல்தான், வட்டியோ முழுசுக்கும். இப்படி முழுசுக்கும் போடுவதற்குத்தான் ஃப்ளாட் ரேட் என்று பெயர். அதில் 12 என்று சொன்னால் உண்மை வட்டி 21.5க்குப் போய்விடும். குத்துமதிப்பாக இரண்டால் பெருக்கி அதிலிருந்து கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள், 12 மாதத் தவணைக்கு அது போதும். அடுத்த தடவை யார் போன் செய்தாலும் ஒரே கேள்விதான் கேட்க வேண்டும், 'இது ஃப்ளாட்டா, குறையும் அசல்மேல் போடும் வட்டியா?'

அதோடும் முடியவில்லை. ரொக்கமாகக் கொடுத்தால் அதே ஃபிரிட்ஜ் 38,000க்குக் கிடைக்கிறது. தவணையில் போனால் 40,000, வட்டி 4,800, ஆக 44,800. 38,000 பெறுமானமுள்ள பொருளுக்கு மாதம் 3,733 வீதம் பன்னிரண்டு மாதம். தள்ளுபடியை விட்டதையும் சேர்த்துப் போட்டால் நீங்கள் கொடுக்கும் வட்டி ஆண்டுக்கு 31 சதவீதத்துக்குக் குறையாது. கணவர் வாய்விட்டுச் சொல்லாத கணக்கு இதுதான். துண்டைப் பிழிந்துகொண்டிருக்காமல் நாளைக்கே போய் ரொக்கத்தில் வாங்கிவிடுங்கள்.

லேப்டாப் வேறு கதை. இங்கே கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டும்.

வட்டியில்லாத் தவணை என்பது பொய்யா என்று நிறையப் பேர் கேட்பார்கள். பொய் என்று சொல்ல மாட்டேன், ஆனால் வட்டியை யாரோ ஒருவர் கட்டத்தான் செய்கிறார். சில சமயம் பொருளை விற்கும் நிறுவனம் கட்டுகிறது. சில சமயம் ரொக்கத்துக்குக் கிடைத்திருக்கும் தள்ளுபடியை உங்களுக்குத் தராமல் அதிலிருந்து கட்டுகிறார்கள். இந்திய ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பரில் வங்கிகளுக்கு அனுப்பிய சுற்றறிக்கையில் பூஜ்ய சதவீத வட்டி என்ற ஒன்றே கிடையாது என்று வெளிப்படையாகவே எழுதியது. கார்டு பாக்கியைப் பூஜ்ய வட்டித் தவணையாக மாற்றும்போது, உள்ளே இருக்கும் வட்டியைக் கட்டணம் என்று வேறு பெயர் வைத்து வாடிக்கையாளரிடமே வாங்கிவிடுகிறார்கள் என்பதுதான் ரிசர்வ் வங்கி சொன்ன குறை.

உங்கள் லேப்டாப்பிலேயே பாருங்கள். ரொக்கத்துக்கு 57,000. தவணையில் 60,000, மேலே 600. ஆக நீங்கள் அதிகம் கொடுப்பது 3,600. மாதம் 5,000 வீதம் கட்டும்போது இதை வட்டியாக மாற்றிப் பார்த்தால் ஆண்டுக்கு 11.6 சதவீதம் வருகிறது. பூஜ்யம் இல்லை. ஆனால் ஃபிரிட்ஜின் 31 சதவீதத்தோடு ஒப்பிட்டால் இது ஒன்றும் கொள்ளையும் இல்லை. சில இடங்களில் பிராசஸிங் கட்டணத்துக்கும் வட்டிக்கும் மேல் வரியும் உண்டு, அதையும் கேட்டுக்கொள்ளுங்கள். அந்த 600 தொகைக்குத் தகுந்தாற்போல் மாறாத ஒரே கட்டணம் என்றால், சின்னப் பொருளைத் தவணையில் போடவே கூடாது. ஐயாயிரம் பொருளுக்கு அறுநூறு என்றால் சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் கதைதான்.

பூஜ்ய வட்டியில் இன்னொரு ரகம் உண்டு, அதைப் பார்த்தால் ஒதுங்கிவிடுங்கள். அதில் வட்டியைத் தள்ளுபடி செய்வதில்லை, தள்ளி வைக்கிறார்கள். சொன்ன மாதத்துக்குள் கடைசிப் பைசாவரை கட்டினால்தான் பூஜ்யம். கொஞ்சம் பாக்கி நின்றாலும் முதல் நாளிலிருந்து முழுத் தொகைக்கும் வட்டி போட்டு ஒரேயடியாக பில்லில் ஏற்றிவிடுவார்கள். விளம்பரத்தில் இரண்டும் ஒரே மாதிரித்தான் இருக்கும். விதிமுறைத் தாளில் 'குறிப்பிட்ட காலத்துக்குள் முழுமையாகச் செலுத்தினால்' என்று ஒரு வாக்கியம் தட்டுப்பட்டால் உஷாராகிவிடுங்கள்.

இப்போது நீங்கள் முதலில் போட்ட திட்டத்தைப் பார்ப்போம், இரண்டும் தவணையில் என்று. லேப்டாப்புக்கு 5,000, ஃபிரிட்ஜுக்கு 3,733, மொத்தம் 8,733. மாதம் மிஞ்சுவது 9,000. போக நிற்பது 267. பன்னிரண்டு மாதமும் யாருக்கும் காய்ச்சல் வரக் கூடாது, வண்டி டயர் பஞ்சர் ஆகக் கூடாது, ஒரு கல்யாணப் பத்திரிகை வரக் கூடாது. வந்தால் என்ன ஆகும்? அந்த மாதம் பில்லை முழுசாகக் கட்ட முடியாது, மறுபடியும் ஒரு எட்டாயிரம் உருவாகும், மறுபடியும் மளிகைக்கு வட்டி. தவணையில் வாங்கியவர்கள் சிக்குவது பெரும்பாலும் தவணை வட்டியால் இல்லை, இப்படித்தான். இதில் ஒரு நுணுக்கமும் இருக்கிறது. தவணைத் தொகை வழக்கமாக 'குறைந்தபட்சம் கட்ட வேண்டியது' என்ற தொகைக்குள் முழுசாக வந்து உட்கார்ந்துவிடும், அதனால் நெருக்கடி மாதத்தில் குறைந்தபட்சத் தொகையைக் கட்டித் தப்பிக்கலாம் என்றால் அதுவும் பெரிதாகவே இருக்கும். அதையும் கட்டத் தவறினால் தாமதக் கட்டணம், கட்டாத தவணைக்குக் கார்டின் சாதாரண வட்டி, எல்லாம் வந்து சேரும்.

அப்புறம் லிமிட், அதாவது கார்டில் எவ்வளவு வரை செலவழிக்கலாம் என்ற வரம்பு. தவணையில் வாங்கிய முழுத் தொகையும் லிமிட்டில் அடைபட்டுக் கிடக்கும், கட்டக் கட்டத்தான் விடுபடும். திடீரென்று ஆஸ்பத்திரியில் கார்டை நீட்டினால் அங்கே இடம் இருக்காது. லிமிட்டில் பெரும்பகுதியை எப்போதும் நிரப்பியே வைத்திருந்தால் கடன் கொடுக்குமுன் வங்கிகள் பார்க்கும் கடன் மதிப்பெண்ணும் இறங்கலாம், சீக்கிரத்தில் வீட்டுக் கடன் கேட்கும் எண்ணம் இருந்தால் அதையும் மனதில் வையுங்கள்.

தவணை ஒன்றும் கார்டோடு பிறந்த சமாச்சாரம் இல்லை. சிங்கர் தையல் மிஷின் நிறுவனத்தில் எட்வர்ட் கிளார்க் என்ற பங்குதாரர் 1856இல் இதைக் கொண்டுவந்தார். ஒரு குடும்பத்தால் மொத்தமாகக் கொடுத்து வாங்க முடியாத மிஷின், ஆனால் வீட்டுக்கு வந்துவிட்டால் அதில் தைத்துச் சம்பாதித்தே தவணையைக் கட்டிவிடலாம். அந்த மாதிரிப் பொருளுக்குத் தவணை பொருந்தும், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. தவணை முடிந்த பிறகும் பொருள் பல வருஷம் உழைக்க வேண்டும், கட்டிக்கொண்டிருக்கும்போது தினமும் கையில் புழங்க வேண்டும்.

இதை நான் காசு கொடுத்துக் கற்றுக்கொண்டேன். ஊருக்கெல்லாம் கணக்குச் சொல்கிற நானே பல வருஷம் முன்பு ஒரு கேமரா வாங்கினேன், 18 மாதத் தவணையில், வட்டியில்லாத் தவணைதான். இரண்டு பயணத்துக்கு எடுத்துப்போனேன். அப்புறம் போன் கேமராவே போதும் என்றாகிவிட்டது. ஒரு நாள் எதையோ தேடி மேசை இழுப்பறையைத் திறந்தால் கேமராவின் பேட்டரி உப்பிப்போய், மூடி மூடாமல் கிடக்கிறது. அந்த மாதம் கட்டியது பதினைந்தாவது தவணை. அதற்குப் பிறகும் மூன்று மாதம் பில்லில் அந்த வரியைப் பார்க்கும்போதெல்லாம் உப்பிய பேட்டரிதான் ஞாபகம் வந்தது.

இது என் ஒருவனுடைய மனக்குறை மட்டும் இல்லை. டிராசன் பிரெலெக், ஜார்ஜ் லோவன்ஸ்டீன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1998இல் வெளியிட்ட கட்டுரை ஒன்று எனக்கு ரொம்பப் பிடிக்கும். மாதம் 200 டாலர் வீதம் ஆறு தவணை, மொத்தம் 1,200 டாலர், போவதற்கு முன்பே கட்டுவீர்களா, திரும்பி வந்த பிறகு கட்டுவீர்களா என்று சுற்றுலாவைப் பற்றி மக்களிடம் கேட்டார்கள். பெரும்பாலோர் முன்பே கட்டிவிடுகிறோம் என்றார்கள். வட்டி கணக்குப்படி பார்த்தால் பின்னால் கட்டுவதுதான் லாபம், இருந்தாலும். அதையே துணி துவைக்கும் மிஷினுக்குக் கேட்டபோது பதில் தலைகீழ், வாங்கிவிட்டு மெதுவாகக் கட்டுகிறோம் என்றார்கள். அனுபவித்து முடிந்துபோனதற்குப் பணம் கட்டுவது கசக்கும், இன்னும் உழைத்துக்கொண்டிருக்கும் பொருளுக்குக் கட்டுவது அவ்வளவு கசக்காது. சுற்றுலா, விருந்து, விழாச் செலவு இவற்றையெல்லாம் தவணையில் போடலாமா என்று கேட்பவர்களுக்கு நான் இந்தக் கதையைத்தான் சொல்வேன். உங்கள் மகளின் லேப்டாப் அந்த வகையில் இல்லை, நாலு வருஷம் தினமும் திறக்கப்போகும் பொருள்.

இனி உங்கள் கணவரின் வேலை. ஆள்குறைப்புப் பேச்சு அடிபடுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். இது இல்லாமல் இருந்திருந்தால் லேப்டாப்புக்கும் ரொக்கம்தான் என்று சொல்லி முடித்திருப்பேன். இரண்டு சம்பளமும் உறுதியாக இருக்கும் வீட்டில் 11.6 சதவீதம் கொடுக்க அவசியமே இல்லை, கொஞ்சம் சேமிப்பு குறைந்தாலும் மாதாமாதம் திரும்பச் சேர்ந்துவிடும். ஆனால் ஒரு சம்பளம் ஆடிக்கொண்டிருக்கும்போது கையில் இருக்கும் பணத்தின் மதிப்பே வேறு. வேலை போன பிறகு எந்த வங்கியும் போன் செய்து மாதம் ஒரு சதவீதம் என்று சொல்லாது. அப்போது 57,000ஐ வைத்திருக்க நீங்கள் கொடுக்கும் 3,600ஐ வட்டி என்று பார்க்காமல் ஒரு வருஷக் காப்பீட்டுப் பிரீமியம் மாதிரிப் பார்க்கலாம். ஒன்றும் நடக்கவில்லை என்றால் 3,600 போச்சு. நடந்துவிட்டால் ஒரு மாத வீட்டுச் செலவுக்கு மேல் கையில் நிற்கும்.

அதனால் நான் உங்கள் இடத்தில் இருந்தால் இப்படிச் செய்வேன். எட்டாயிரம் அடைத்து, ஃபிரிட்ஜுக்கு 38,000 கொடுத்த பிறகு சேமிப்பு 1,04,000. லேப்டாப்பை இன்று வாங்க மாட்டேன், கல்லூரி திறக்க இரண்டு மாதம் இருக்கிறது. இந்த வாரத்தோடு சலுகை முடிகிறது என்று கடையில் சொல்வார்கள், முடியட்டும், அது வேறு பெயரில் திரும்ப வரும். அந்த இரண்டு மாதத்தில் கார்டும் சுத்தமாகிவிடும், 9,000 வீதம் சேர்ந்து சேமிப்பு 1,22,000 ஆகும், எட்டாயிரத்துக்குப் போய்க்கொண்டிருந்த வட்டியும் மிச்சம். கணவர் அலுவலகத்துச் சங்கதியும் ஓரளவு தெளிந்திருக்கும். பயம் தீர்ந்துவிட்டதா, 57,000 ரொக்கமாகக் கொடுத்து வாங்குங்கள். தீரவில்லையா, தவணையில் போங்கள்.

தவணையில் போனால் ஒரு நிபந்தனை, இது இல்லாவிட்டால் நான் சொன்னதெல்லாம் வீண். அன்றைக்கே 60,000ஐத் தனிக் கணக்கு ஒன்றில் ஒதுக்கிவிட வேண்டும். மாதம் 5,000 அந்தக் கணக்கிலிருந்துதான் போக வேண்டும், சம்பளத்திலிருந்து அல்ல. தவணை முடியும்வரை அந்தப் பணம் உங்களுடையது இல்லை, வேலை போனால் ஒழிய அதைத் தொடக் கூடாது. சேமிப்பும் இருக்கிறது, பொருளும் வந்துவிட்டது என்று மனம் இரண்டு பக்கமும் கணக்கு வைத்துக்கொண்டு ஒரு சோபாவைப் பார்க்க ஆரம்பிக்கும், எனக்குத் தெரியும். கார்டு பில் மொத்தத் தொகையும் வங்கிக் கணக்கிலிருந்து தானாகவே போகும்படி ஆட்டோ டெபிட் போட்டுவிடுங்கள். போடும்போது குறைந்தபட்சத் தொகை, முழுத் தொகை என்று இரண்டு வாய்ப்பு கேட்கும், அவசரத்தில் முதலாவதை அழுத்திவிட்டு ஒரு வருஷம் கழித்துத் தலையில் கை வைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். போன் தவணை முடியும்வரை லேப்டாப்பைத் தவிர புதிதாக இன்னொரு தவணை வேண்டாம் என்று உங்கள் இருவருக்குள் பேசிவைத்துக்கொள்வதும் நல்லது, 2,000 தானே என்று தோன்றுகிற தவணைகள்தான் நாலைந்து சேர்ந்து நிற்கும்.

நடுவில் கணக்கை முடித்துவிடலாம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. வட்டியுள்ள தவணையில் வட்டியின் கனம் முன்பக்கம்தான் இருக்கும். 12 மாதத் தவணையில் முதல் ஆறு மாதத்திலேயே வட்டியில் முக்கால்வாசியை வாங்கிவிடுவார்கள். பழைய கணக்குமுறை ஒன்றில் முதல் மாதத்துக்கு 78இல் 12 பங்கு, அடுத்து 11, அடுத்து 10 என்று வட்டியை இறக்கிக்கொண்டே போவார்கள், ஒன்றிலிருந்து பன்னிரண்டுவரை கூட்டினால் 78 வருகிறது அல்லவா, அதுதான். முதல் ஆறு மாதத்தைக் கூட்டினால் 57 பங்கு. ஆறாவது மாதத்தில் முடித்தால் மிச்சமாவது கால்வாசி வட்டி, அதிலும் முன்கூட்டியே முடிப்பதற்கு ஒரு கட்டணம் கேட்பார்கள். உங்கள் வட்டியில்லாத் தவணையில் முன்னாடியே முடிப்பதில் எந்த லாபமும் இல்லை, ஓடட்டும் என்று விட்டுவிடுங்கள்.

பொருளைத் திருப்பிக் கொடுக்கும் நிலை வந்தால் மட்டும் கவனம். என்னிடம் ஆலோசனைக்கு வந்த ஒரு பெண்மணி டிவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார், கடைக்காரர் பணத்தையும் கார்டுக்கே அனுப்பிவிட்டார். பில்லில் வரவு வந்ததைப் பார்த்ததும் எல்லாம் முடிந்தது என்று நினைத்து அந்த மாதச் செலவை அதிலேயே கழித்துவிட்டார். தவணையோ அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது, ஏனென்றால் வங்கியிடம் தவணையை ரத்து செய்யச் சொல்லி யாரும் கேட்கவில்லை. இல்லாத டிவிக்கு ஐந்து மாதம் கட்டினார். திருப்பிக் கொடுத்தால் அன்றைக்கே வங்கிக்குத் தனியாக எழுதிக் கேளுங்கள், பதிலையும் எழுத்தில் வாங்குங்கள். பிராசஸிங் கட்டணம் பெரும்பாலும் திரும்பாது.

யார் சொல்வது சரி என்று கேட்டீர்கள். ஃபிரிட்ஜில் அவர், லேப்டாப்பில் ஒருவேளை நீங்கள், எட்டாயிரத்தில் இரண்டு பேருமே தப்பு.

பழைய ஃபிரிட்ஜை எக்ஸ்சேஞ்சில் தாராளமாகக் கொடுங்கள், ஆனால் கடையில் நுழைந்ததும் அதைப் பற்றி வாயைத் திறக்காதீர்கள். முதலில் ரொக்க விலை 38,000 என்று பேசி முடித்து ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், அதற்குப் பிறகு பழையது ஒன்று இருக்கிறது, என்ன தருவீர்கள் என்று கேளுங்கள். முதலிலேயே சொல்லிவிட்டால் ஐந்து சதவீதத் தள்ளுபடியே எக்ஸ்சேஞ்ச் விலையாக வேஷம் போட்டுக்கொண்டு வரும்.